பெட்டியில் முறைத்த சித்தி

தலவாக்கலையில் நாங்கள் சாமான் வாங்கும் நானாவின் கடையில், தராசுத் தட்டைக் கவிழ்த்துப் பார்க்கும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. சித்தி கடை வாசலில் தெரிந்ததுமே நானா தட்டைத் தானே கழற்றி, அடிப்பக்கத்தைத் துடைத்து, நீட்டிவிடுவார்.

"பாருங்க அக்கா. புளியும் ஒட்டல்ல, காந்தமும் ஒட்டல்ல."

சித்தி வெட்கப்படமாட்டார். விரலால் நன்றாகத் தடவிப் பார்த்த பிறகுதான் அரிசியை நிறுக்கச் சொல்வார். வெளியே வந்ததும் என் காதோரம், "இன்னைக்கு ஒண்ணுமே இல்ல தம்பி. அதான் ஒரு மாதிரியா இருக்கு" என்பார். நான் சிரித்தால் கோபம் வரும்.

சித்தி என்றால் என் அம்மாவின் தங்கை அல்ல. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்தவர். லயத்தில் ஒரு வீடு என்பது ஓர் அறையும் ஓர் அடுப்பு மூலையும்தான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அவ்வளவு நெருக்கத்தில் இருப்பவரை முறை சொல்லாமல் எப்படிக் கூப்பிடுவது? எங்கள் அம்மா அவரைத் தங்கச்சி என்றார், எனக்கு அவர் சித்தி ஆனார். பெயர் ஒன்று இருந்தது. அதை யாராவது கேட்டால், "எதுக்கு?" என்பார்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் இதே கதைதான். மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும். நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு என்று கணக்கப்பிள்ளை ஒவ்வொரு கூடையிலும் கொஞ்சம் வெட்டிவிடுவார். மற்றப் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். சித்தி நகரமாட்டார். கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி கொழுந்தை அள்ளி, கணக்கப்பிள்ளையின் முகத்துக்கு நேரே பிழிந்து காட்டுவார்.

"எங்கங்க தண்ணி? ஒரு சொட்டு காட்டுங்க."

"எலைக்குள்ள இருக்கும்மா. வெளிய தெரியாது."

"தெரியாத தண்ணிக்கா கழிச்சீங்க?"

ஒருநாள் நல்ல வெயில். கொழுந்து காய்ந்து சருகு மாதிரிக் கிடந்தது, கழிவு இல்லை. எல்லோருக்கும் நிம்மதி. சித்தி மட்டும் கூடையைத் தராசிலிருந்து இறக்கவிடவில்லை. "மழைக்குக் கழிச்சீங்களே, வெயிலுக்கு ஏதும் சேத்துப் போடுவீங்களா?" என்றார். கணக்கப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. அவர் நிஜமாகத்தான் கேட்டார்.

இதையெல்லாம் சொன்னால் ஏதோ பைத்தியக்காரி என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. லயத்துக்குப் பின்னால் எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காய்கறிப் பாத்தி இருந்தது. கோவாவும் லீக்ஸும் போடுவோம். ஒருநாள் நாடாவோடு ஆட்கள் வந்தார்கள். யாருக்கு எவ்வளவு என்று எழுதி உங்கள் பெயரிலேயே தரப்போகிறோம் என்றார்கள். எங்கள் சனம் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உதவியது. சிலர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள். அளந்து முடித்துப் போனவர்கள் திரும்பி வந்தபோது, ஒவ்வொருவரிடமும் அளவுக்கு மேல் இருக்கிறது என்று சொல்லி, பாதிக்குப் பாதி தேயிலைக் கன்று நட்டுவிட்டார்கள். சித்தியின் பாத்தியில் அப்போதுதான் உருளைக்கிழங்கு பூத்திருந்தது.

அன்றிலிருந்து அவர் வாயில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. "அளக்க வந்தவன் குறைக்காமப் போனதில்ல."

அதன்பிறகு யார் எதை எண்ண வந்தாலும் சித்தி வீட்டில் எதுவும் இருக்காது. ஒரு முறை கோழிகளைக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். நல்ல மனிதர், கோழிக்குத் தடுப்பூசி போட வந்தவர் என்றுதான் எனக்கு ஞாபகம். சித்தி கோழிகளைக் கட்டிலுக்கடியில் கூடை போட்டுக் கவிழ்த்துவிட்டு, வாசலில் நின்று, "எங்ககிட்ட ஏதுங்க கோழி" என்றார். உள்ளே ஒரு கோழி கொக்கரித்தது. சித்தி இருமினார். அது மறுபடி கொக்கரித்தது, இவர் மறுபடி இருமினார். வந்தவர் கடைசியில், "அம்மா, டொக்டர்கிட்ட காட்டுங்க, சளி கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆண்டு பக்கத்து லயத்துக் கோழிகளெல்லாம் பிழைத்தன. சித்தியின் கோழிகள் வரிசையாகச் செத்துப்போயின. அதற்கும் அவர் ஊசி போட வந்தவரைத்தான் சந்தேகப்பட்டார்.

இனி தண்ணீர்க் கதைக்கு வருகிறேன். எங்கள் மூன்று லயத்துக்கும் ஒரே பீலி. மேலே காட்டோரம் ஓர் ஊற்று, அதிலிருந்து ஒரு குழாய், குழாய் வந்து விழும் சிமெந்துத் தொட்டி, தொட்டியில் ஒரு வாய். அந்த வாயைத்தான் பீலி என்போம். குடிக்க, குளிக்க, துவைக்க, சாமிக்குக் கரகம் பாலிக்க, எல்லாம் அங்கேதான். வேறு ஊற்று கிடையாது. கீழே ஆறு இருக்கிறது. ஆனால் குடத்தோடு அங்கிருந்து ஏறி வருவதற்குள் முட்டி கழன்றுவிடும்.

அந்த ஊற்றுக்கும் எங்களுக்கும் நடுவில் பராமரிப்பில்லாமல் புல் ஏறிக் கிடந்த தேயிலை மலையைத் தோட்ட நிர்வாகம் ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. கொஞ்ச நாளில் மலை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொலித்தீன் கூடாரங்கள் எழும்பின. உள்ளே குடைமிளகாயும் சலாது இலையும். இரண்டும் பெட்டி பெட்டியாக விமானத்தில் போகும். லயத்துப் பெண்கள் சிலருக்கு அங்கே வேலை கிடைத்தது. சித்தியின் ஒரே மகளும் பெட்டி கட்டும் இடத்தில் சேர்ந்தாள். ஏற்றுமதிக்கு உதவாத கோணல் மிளகாயை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தால், சித்தி உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒன்றைப் பூனைக்கு வைத்துப் பார்ப்பார். பூனை எங்கே குடைமிளகாய் தின்னும்? அது முகர்ந்துவிட்டுப் போய்விடும். "பாத்தியா, அதுக்கே தெரியுது" என்பார் சித்தி.

கம்பெனி அந்த ஊற்றைக் கேட்டது. இங்கேதான் எல்லாம் ஆரம்பம்.

நான் நானுஓயா ஸ்டேஷனில் வேன் ஓட்டுகிறேன். ஒருநாள் கொழும்பு ரயிலில் ஓர் இளம்பெண் இறங்கினாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு தண்ணீர் மீட்டர். எங்கள் தோட்டத்துக்குத்தான் போகவேண்டும் என்றாள். நல்ல தமிழ் பேசினாள், கொழும்புத் தமிழ். வழியில் நானே கேட்டேன், எதற்கு மிஸ் மீட்டர் என்று.

"வெளிநாட்டுல மிளகாய் வாங்கிற ஆக்கள் இப்ப தண்ணிக் கணக்குக் கேக்கிறாங்க அண்ணே, அத அளக்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க. ஒரு பெட்டி மிளகாய் வளர எவ்வளவு தண்ணி போகும் தெரியுமா? பெட்டியத் தூக்கினா அந்தப் பாரம் தெரியாது. ஆனா அந்தத் தண்ணி இந்த மலையில இருந்துதான் போகுது. கீழ இருக்கிற சனத்துக்குத் தண்ணி இல்லாம எடுத்தா வாங்கமாட்டாங்க. முதல்ல லயத்துக்கு எவ்வளவு தேவைன்னு பாக்கணும். அது போக மிச்சம்தான் கம்பெனிக்கு."

உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்போது நம்பிக்கை வரவில்லை. முதலில் எங்களுக்கு, மிச்சம் அவர்களுக்கு என்ற வரிசையை என் ஆயுசில் நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் பெண் பேசிய விதத்தில் கள்ளம் தெரியவில்லை. இருந்ததோ என்னவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் குழாயில் மீட்டரைப் பூட்டினாள். தொட்டி நிறைந்தால் மிதவை எழும்பிக் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். எடுக்க எடுக்கத்தான் தண்ணீர் வரும், மீட்டரும் ஓடும். ஒரு வாரம் கழித்து வந்து பார்க்கிறேன், வழக்கம்போல் புழங்குங்கள் என்று சொல்லிவிட்டு, வீடு வீடாகவும் கேட்டாள்.

"அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை குடம் எடுப்பீங்க?"

சித்தி அவளை மேலும் கீழும் பார்த்தார். "எங்க குடம் சின்னதும்மா" என்றார்.

"சரி, எத்தனை?"

"ரெண்டு போதும். நாங்க என்ன, பெரிய எடத்து ஆளுங்களா?"

மகளும் பேரப்பிள்ளையும் சேர்த்து அந்த வீட்டில் பிள்ளைத் துணி அலசவே அதைவிடக் கூட வேண்டும். நான் வாயைத் திறக்கப்போனேன். சித்தி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அந்தப் பெண் போன பிறகு, வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "சித்தி, இது பாத்தி மாதிரி இல்ல. இதுல கூடச் சொன்னாத்தான் நமக்குக் கூடக் கெடைக்கும். கொறச்சுச் சொன்னா மிச்சத்தை அவங்க எடுத்துக்குவாங்க."

சித்தி வெற்றிலையை மென்றபடி கேட்டார். "ஒனக்கு வேன் கூலி யாரு குடுக்குறா?"

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து போய்விட்டேன். என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். அந்தக் கேள்வி இன்றும் வலிக்கிறது.

அன்று மாலையே சித்தி மூன்று லயத்துக்கும் ஆள் அனுப்பிவிட்டார். மீட்டர் ஓடக்கூடாது. அது எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவுக்கும் பில் வரும், இல்லாவிட்டால் குழாயையே பிடுங்குவார்கள். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். பாத்தியை இழந்த சனம் வேறு எதை நம்பும்? யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. தகரக் கூரையின் விளிம்பில் சட்டி பானைகள் வரிசையாக ஏறின. மழைத் தண்ணீரில் சோறு பொங்கினார்கள். குளிக்கவும் துவைக்கவும் ஆற்றுக்கு நடக்கத் தயாரானார்கள்.

அப்போதுதான் அந்த லொறி வந்தது. கம்பெனியின் காலிப் பெட்டி ஏற்றும் லொறி. கம்பெனி மனேஜர் அனுப்பியிருந்தார். "ஆத்துக்குத்தானே போறாங்க, பாவம், ஏத்திக்கிட்டுப் போய்ட்டு வான்னு ஐயா சொன்னாரு" என்றார் டிரைவர். தினமும் வந்தது. ஆற்றுக்கு இறக்கிவிட்டு, துவைத்து முடியும்வரை காத்திருந்து, ஈரத்துணியோடு கொண்டுவந்து விட்டது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் சித்தி. தராசுத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தவர், பூனைக்கு மிளகாய் வைத்துப் பார்த்தவர், அந்த லொறி எதற்கு வந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் வந்து மீட்டரைப் பார்த்தாள். இரண்டு முறை துடைத்துப் பார்த்தாள். முகமெல்லாம் ஆச்சரியம். பீலியில் குடத்தோடு நின்ற சித்தியைக் கைபேசியில் படம் பிடித்தாள். "எதுக்கும்மா படம்?" என்று சித்தி முறைத்தார். முறைத்தது அப்படியே படத்தில் விழுந்துவிட்டது.

திரும்பும் வழியில், "என்ன கட்டுப்பாடான சனம் அண்ணே! இவ்வளவு கொஞ்சத் தண்ணியில வாழுறாங்களே" என்றாள்.

நான் வேனை ஓரமாக நிறுத்தினேன். "மிஸ், அது நிஜம் இல்ல. பயத்துல அடக்கி வெச்சிருக்காங்க. ஒரு வாரமா ஆத்துலதான் குளிச்சாங்க" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நீங்களும் அந்த லயத்து ஆள்தானே அண்ணே?"

"ஆமாங்க."

"மீட்டர் பொய் சொல்லாது. உங்களுக்குக் கொஞ்சம் கூட வேணும்னா நேராக் கேக்கலாம்."

அங்கே நான் கம்பெனி ஆள், இங்கே நான் லயத்து ஆள். இரண்டு பக்கமும் அடி வாங்க மத்தளத்துக்கு மட்டும்தான் விதியா என்ன? வேனை எடுத்தேன். ஸ்டேஷனில் அவளை இறக்கிவிட்டேன்.

பெரிய குழாய் வந்தது. ஊற்றிலிருந்து நேரே கூடாரங்களுக்கு. எங்கள் பங்குக்கு ஒரு சின்னக் குழாய் மிஞ்சியது. சித்தி அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா? நான் மட்டும் அன்னைக்குக் கூடச் சொல்லியிருந்தா இதுவும் போயிருக்கும்" என்றார். மழைக் காலம் என்பதால் அந்தச் சின்னக் குழாயிலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் மகள் வேலை முடிந்து வந்து, கையிலிருந்த ஸ்டிக்கர் ஒன்றை அம்மாவிடம் காட்டினாள். குடைமிளகாய்ப் பெட்டியில் ஒட்டுவது. அதில் குடத்தோடு சித்தி. கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. தண்ணீரை மதிக்கும் மக்களின் மலையிலிருந்து வருகிறது என்று அர்த்தமாம், மகள் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். அவளே தினமும் பெட்டி பெட்டியாகத் தன் அம்மாவை ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். சித்தி ஸ்டிக்கரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பின்பக்கம் திருப்பியும் பார்த்தார்.

"இது எங்கெங்க போகுது?"

"எல்லா நாட்டுக்கும் போகுதும்மா."

"தண்ணியோடவா?"

மகள் ஸ்டிக்கரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

தைப்பொங்கல் முடிந்து பனி கொட்டும் மாதங்களில் மழை நின்றது. பீலி நூலாக இளைத்தது. ஒரு குடம் நிறைவதற்குள் வரிசையில் நிற்பவர்கள் ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்துச் சண்டையும் போட்டுவிடுவார்கள். மேலே கூடாரங்களில் பொடித் தூறலாகத் தண்ணீர் தெளிக்கும் சத்தம் லயம்வரை கேட்கும். பேரப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிரங்கு. சித்தி ஒருநாள் என்னை அழைத்துக்கொண்டு கம்பெனி மனேஜரிடம் போனார். கோபித்துக்கொண்டிருந்தாலும் போனேன். தனியாக விடமுடியுமா?

மனேஜர் உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, நாங்க ஒங்க பங்குல கை வைக்கல. நீங்க எவ்வளவு புழங்குறீங்கன்னு அளந்து, அதுக்கு மேல கொஞ்சம் சேத்துத்தான் விட்டிருக்கோம்."

"அது பொய்க் கணக்குங்க" என்றார் சித்தி. "நாங்க பொய் சொன்னோம்."

அப்படி ஒரு வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. மனேஜர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, சாதாரணமாகத்தான் சிரித்தார்.

"அப்ப சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா? நான் எதம்மா நம்புறது?"

சித்தி எழுந்துகொண்டார். தட்டைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவருக்குத் தன்னைத் திருப்பிப் பார்ப்பவரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இறங்கி வரும்போது பாதி வழியில் நின்றார்.

"தம்பி, அந்த லொறிய அவன் எதுக்கு அனுப்புனான்?"

"தெரியல சித்தி. பாவம்னு நெனச்சும் அனுப்பியிருக்கலாம்."

"இருக்கலாம்" என்றார். ஒரு கல்லில் உட்கார்ந்தார். "நான் கேட்டிருக்கணும்ல?"

அதற்குப் பிறகு அவர் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. நானா தராசுத் தட்டைக் கழற்றி நீட்டினால், "இருக்கட்டும் நானா, நிறுங்க" என்றார். நானாவின் முகம் வாடிவிட்டது. எனக்கும் அது பொறுக்கவில்லை. சித்தி சந்தேகப்படாத ஒரு நாள், ஏதோ வீட்டில் விளக்கு ஏற்ற மறந்த நாள் மாதிரி இருந்தது. சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். மறுபடி அளக்கச் சொல்லி மனு கொடுத்தோம். அந்தப் பெண்ணின் போனுக்கு நானே எத்தனையோ முறை அடித்தேன், நம்பர் மாறிவிட்டதாம்.

சித்தி செத்ததும் அதே பனிக் காலத்தில்தான். எங்கள் வழக்கத்தில் பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கவேண்டும். தப்பு முழங்க, தலைக்கு மேல் வெள்ளை வேட்டியைப் பந்தலாகப் பிடித்து, பெண்கள் குடத்தோடு தண்ணீர்த்துறைக்குப் போய்க் கொண்டுவரவேண்டும். பீலிக்குப் போனார்கள். தொட்டியின் அடியில் பாசிதான் இருந்தது. ஆற்றுக்கு இறங்கி ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மகள்தான் திரும்பி மேலே நடந்தாள். தப்பும் வேட்டிப் பந்தலும் குடங்களும் அவள் பின்னால் கம்பெனி கேட்டுவரை ஏறின.

கேட்டுக்குள் லொறி நின்றது. பெட்டிகள் ஏற்றுவதற்கு அடுக்கி வைத்திருந்தார்கள். சத்தம் கேட்டு மனேஜரே வந்தார். விஷயம் தெரிந்ததும் தொப்பியைக் கழற்றினார். வாசல் குழாயில் பெரிய ஹோஸைத் தன் கையாலேயே மாட்டினார்.

"எவ்வளவு வேணும்னு சொல்லுங்கம்மா, தாறேன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் நின்றவர் பழக்கத்தில், "கொஞ்சம் போதும்ங்க" என்றார்.

"இல்ல" என்றாள் மகள். "அளக்காம விடுங்க."

மனேஜர் குழாயைத் திறந்தார். முதல் குடம் நிறைந்தது, அடுத்ததும் நிறைந்தது. எல்லாக் குடமும் நிறைந்தும் மகள் போதும் என்று சொல்லவில்லை. தண்ணீர் குடங்களின் கழுத்தில் வழிந்து, பெண்களின் காலை நனைத்து, தார் ரோட்டில் இறங்கியது. குழாயை மூடுவதற்காக மனேஜர் கையை நீட்டினார். நீட்டியவரின் கண், பக்கத்தில் அடுக்கியிருந்த பெட்டிகளில் விழுந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் குடத்தோடு நின்று சித்தி அவரையே முறைத்துக்கொண்டிருந்தார். அவர் கையை எடுத்துக்கொண்டார். தண்ணீர் லயத்துப் பக்கமாக ஓடியது.